பேச்சுக்கு அடியில் இருந்த புல்

ஓர் இடத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல், வாழ்நாளெல்லாம் அதைப் பற்றியே பேசி வந்த ஒருவருக்கு அந்த இடம் தெரியும் என்பதா, தெரியாது என்பதா? தெரியாது என்றால், அவர் சொல்லக் கேட்டு ஊரெல்லாம் தெரிந்துகொண்டது என்ன? தெரியும் என்றால், அங்கே போயே ஆக வேண்டும் என்று அவருக்கு ஏன் அப்படியோர் ஏக்கம்?

இந்தக் கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டவள் அவர் மனைவி. அவளுக்கும் விடை கிடைத்தபாடில்லை.

குரல் கொடுப்பது அவர் தொழில். தொலைக்காட்சியில் ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு சிங்கம் பதுங்கிப் பதுங்கி வரும்போது, "பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்வாங்க, இங்கே பறக்கப்போறது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்குமே, அப்படிப்பட்ட குரல். பெரிய கலைஞர் என்று சொல்லிவிட முடியாது. கனமான குரல், நீளமான மூச்சு, பிசகாத உச்சரிப்பு. அவ்வளவுதான். சிறுத்தை ஓடினாலும் ஆமை நகர்ந்தாலும் அவரிடம் ஒரே பதற்றம். யானை செத்தாலும் நத்தை செத்தாலும் ஒரே இரக்கம். ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயர் "சிங்கம்". காய்கறிக் கடைக்காரர் அவர் வருவதைப் பார்த்தாலே தொடங்கிவிடுவார்.

"வாங்க சிங்கம். முட்டைக்கோஸ் போதுமா, இல்ல மான் ஏதாவது வெட்டித் தரட்டுமா?"

அவர் சிரித்துவிட்டு விரலால் முட்டைக்கோஸைக் காட்டுவார். கடைத்தெருவில் வாயைத் திறப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் வேண்டும் என்றால் கட்டைவிரல், போதும் என்றால் உள்ளங்கை. கல்யாணமான புதிதில் மனைவி இதைப் பற்றிச் சண்டை போட்டபோது, "தொண்டையை வாடகைக்கு விட்டாச்சு. வீட்டுக்காரன் நடுவுல போய்க் குடியிருக்க முடியுமா?" என்று மெல்லிய குரலில் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது என்று பின்னால் பல முறை நினைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் வீட்டில் கேட்காது. அவர் பக்கத்து அறையில் சாய்ந்திருக்கும்போதே, அவர் குரலைக் கேட்பதற்காக அவள் தொலைக்காட்சியைப் போட்டதும் உண்டு.

காலைத் தேநீர் நேரம் மட்டும் இதற்கு விலக்கு. இரண்டாம் மாடி பால்கனியில், கைக்குட்டை அளவே உள்ள அந்த இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தால் அவர் பேசுவார். பேச்செல்லாம் ஒரு பயணத்தைப் பற்றித்தான். மகள் படிப்பு முடியட்டும், நாம் இரண்டு பேரும் ஆப்பிரிக்கா போகிறோம். அங்கே ஒரு தேசியப் பூங்காவில் திறந்த ஜீப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

"முதல் நாள் காலையில சிறுத்தை," என்பார். "வெயில் ஏறுறதுக்குள்ள அது வேட்டையை முடிச்சுடும். அப்புறம் நாம ஆத்தங்கரைக்குப் போயிடலாம். மத்தியானம் வரிக்குதிரை மந்தை ஆத்தைத் தாண்டும்."

"மத்தியானம் தாண்டும்னு உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

"எல்லாப் படத்துலயும் அப்படித்தானே வருது."

அவர் அந்தப் புல்வெளியை அத்தியாயம் அத்தியாயமாகத்தான் அறிந்திருந்தார். ஒரு படத்தில் தண்ணீர் குடித்த வரிக்குதிரையும் இன்னொரு படத்தில் அதே கரையில் கிடந்த முதலையும் ஒரே ஆற்றைச் சேர்ந்தவை என்று நினைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. அவளுக்கு மிருகங்கள்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. சிறுத்தை வந்தாலும் சரி, பூனை வந்தாலும் சரி, அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அவர் வேலை செய்த அறையில் மின்விசிறி கிடையாது. பதிவு நடக்கும்போது ஏசியையும் அணைத்துவிடுவார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கஞ்சி போட்ட சட்டை சலசலக்கும் என்பதால் நைந்து மிருதுவான பருத்திச் சட்டைதான் போட்டுக்கொள்வார். வெறும் வயிற்றோடு உள்ளே போகக் கூடாது. சிங்கம் உறும வேண்டிய இடத்தில் வயிறு உறுமினால் மைக்குக்கு வித்தியாசம் தெரியாது. எதிரே தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், வயதில் இளையவர், அவரை "அண்ணே" என்று கூப்பிடுகிறவர். பேச்சைத் தொடங்க வேண்டிய நொடியில் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். உள்ளே சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு பழையது, கண் சிமிட்டும் நேரம் தாமதமாகத்தான் எரியும். ஆகவே குரல்காரர் விளக்கைப் பார்ப்பதில்லை, ஒலிப்பதிவாளரின் தோளைப் பார்ப்பார். விரல் பொத்தானைத் தொடும் முன்பே தோள் சற்று இறங்கும். அது இறங்கியதும் மூச்சை இழுத்துப் பேச்சைத் தொடங்கிவிடுவார். நாளாக ஆக, தாம் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

ஒரு நாள் ஒரு வரியை மறுபடி பதிய வேண்டியிருந்தது. அவர் பேசியதை அழித்துவிட்டு, வெறும் ஒலித்தடத்தை மட்டும் ஹெட்போனில் ஓடவிட்டார்கள். பேச்சு இல்லை, இசையும் இல்லை. சிங்கம் வருவதற்கு முந்தைய சில மூச்சு நேரம். அங்கே புல் அசைந்தது. காய்ந்த புல்லின்மேல் காற்று போகும் சத்தம். அதற்குள் பூச்சியா பறவையா என்று தெரியாத ஏதோ ஒன்று மெல்லிய நூல்போல இழுத்துக்கொண்டிருந்தது. அவர் பேச மறந்துவிட்டார்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டது கண்ணாடிக்கு அப்பாலிருந்து.

"அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடு."

"எதை?"

"புல்லு."

ஒலிப்பதிவாளர் சிரித்தார். "அது புல்லுன்னு யார் சொன்னா? எங்கேயோ ஒரு ரூம்ல ஒருத்தர் உக்காந்து பழைய கேசட் டேப்பைக் கசக்கிப் புல்லுச் சத்தம் பண்ணியிருப்பார். சிங்கத்துக்குப் பக்கத்துல மைக்கை நீட்ட எவன் போவான்?"

மறுநாள் காலை பால்கனியில் அவர் சிறுத்தையைப் பற்றிப் பேசவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நான் பேசற இடத்துல எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒண்ணு பேசிக்கிட்டு இருந்திருக்கு. அது மேல நான் ஏறி உக்காந்திருக்கேன். இத்தனை வருஷமா."

"அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க?"

"அது நிஜமாவே புல்லுதானா, இல்ல யாராவது கசக்கினதான்னு தெரியணும்மா. அங்க போய் ஜீப்பை நிறுத்திட்டு, இந்தக் காதால ஒரு தடவை கேட்டுடணும்."

அன்றிலிருந்து பயணம் மாறிவிட்டது. ஆறும் மந்தையும் பின்னுக்குப் போயின. எந்த மேட்டில் காற்று நன்றாக வீசும், எங்கே மற்ற வண்டிகள் வராது, ஓட்டுநரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னால் அணைப்பாரா என்றெல்லாம் யோசித்தார். உலகத்தின் பாதிப் பேர் சிங்கத்தைப் பார்க்க அங்கே போகிறார்கள். ஒருவர் மட்டும் புல்லைக் கேட்கப் போகப் பார்த்தார். அவளுடைய தம்பிக்கு இது தெரிந்தபோது, "அத்தான், நம்ம மைதானத்துலயே புல்லு இருக்கே, ஆட்டோவுல போய்ட்டு வந்துடலாமே" என்றான். அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. தனக்கு இப்படி எதன்மேலாவது ஏக்கம் உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். உண்டு. அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

போவதற்கு அவசரம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அதற்குக் காரணம் அவளுடைய வேலை.

அவளும் பஞ்சு வைத்த அறையை நம்பித்தான் பிழைத்தாள். காது மருத்துவர் ஒருவரிடம் செவித்திறன் சோதிப்பவள். நோயாளியை ஒலிபுகாத சிறு அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கண்ணாடிச் சன்னலருகே கருவியின் முன் உட்காருவாள். கனத்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை ஒவ்வொன்றாக அனுப்புவாள். நோயாளி அவள் கையைப் பார்க்க முடியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுவது வழக்கம். குழந்தைகளையும் கிழவர்களையும் அவள் இதில் நம்புவதே இல்லை.

கணவரை மட்டும் நம்பினாள். வருடம் ஒரு முறை, மருத்துவர் சாப்பிடப் போன நேரத்தில், அவரை வரவழைத்துச் சோதிப்பாள். குரல்காரருக்குக் காதுதானே முதல்? அவருக்கு மட்டும் நாற்காலியைத் திருப்புவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நேருக்கு நேர். அவர் கண் எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவாள். ஒவ்வொரு ஒலிக்கும் பிசகாமல் கை உயரும்.

"பாம்புக் காது உங்களுக்கு," என்பாள் வெளியே வந்ததும். "இன்னும் பத்து வருஷம் கழிச்சுக்கூட ஆப்பிரிக்கா போகலாம்."

அதை நம்பித்தான் தள்ளிப்போட்டார்கள். மகள் படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. வெள்ளையடித்து முடித்ததும் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதன் பிறகு அவளுக்கு முழங்கால் வலி. பால்கனியில் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பிறகு மருத்துவர் கிளினிக்கைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். புதுச் சோதனை அறை வந்தது. நல்ல அறைதான், கதவை மூடினால் தன் இதயம் அடிப்பது தனக்குக் கேட்கும். ஆனால் நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள், சுவரைப் பார்த்தபடி. சன்னல் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த வருடச் சோதனைக்கு அவர் வந்தபோது, "மூஞ்சியைக் காட்ட மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

முதலில் கனத்த ஒலிகள். கை உயர்ந்தது. அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒரு படிக்கு மேல் கை உயரவில்லை. ஒலியைக் கூட்டினாள். அவர் பிடரியைப் பார்த்தாள். கை முழங்காலில் அசையாமல் கிடந்தது. இன்னும் கூட்டினாள். கம்பி கழன்றிருக்கும் என்று இழுத்துப் பார்த்தாள். கழலவில்லை. உள்ளே போய், அவர் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். கீச்சொலி ஊசியாய்க் குத்தியது. மறுபடி அவருக்கு மாட்டிவிட்டு வெளியே வந்து அழுத்தினாள். அவர் தலையை மட்டும் பின்னால் திருப்பி, கண்ணாடி வழியாக வாயை அசைத்தார். ஒலிபெருக்கியில் கேட்டது:

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு முக்காலியை எடுத்துவந்து அந்த அறைக்குள்ளேயே சன்னலைப் பார்த்தபடி போட்டு, அவரை அதில் மாறி உட்காரச் சொன்னாள். வெளியே வந்தாள். ஹெட்போனின் கம்பியைக் கருவியிலிருந்து பிடுங்கி மேசைமேல் போட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

அவர் கை உயர்ந்தது.

"இப்ப கேக்குது," என்று சிரித்தார்.

இன்னொரு முறை அழுத்தினாள். உயர்ந்தது. அழுத்தாமல் தோளை மட்டும் சற்று இறக்கினாள். அதற்கும் உயர்ந்தது.

சொல்லித்தானே ஆக வேண்டும்? உள்ளே போய் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவருக்கு விளங்க நேரமாயிற்று.

"அப்ப இத்தனை நாளா நான் பொய்யா கையைத் தூக்கினேன்?"

"பொய் இல்லீங்க."

"கேட்டுச்சும்மா. சத்தியமா கேட்டுச்சு. நீ அழுத்தறப்ப எல்லாம் கேட்டுச்சு."

அதை அவள் நம்பினாள். எந்த நொடியில் ஒன்று வரும் என்று தெரிந்துவிட்டால், மனம் அதைத் தானே வரவழைத்துக்கொள்ளும். அவர் காதால் கேட்டதையும் தோளைப் பார்த்து அறிந்ததையும் பிரிக்கிற கோடு அவருக்குள் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அந்தக் கோடு நம்மில் எவருக்காவது சரியாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதன் பிறகு பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக வேறு முகம் காட்டின. கொசுத்தொல்லையில் அவள் புரண்டு படுக்கும்போது அவர் ஞானிபோல் தூங்குவாரே, அது ஞானம் இல்லை. கொசு காதருகே வந்து பாடினாலும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒலிப்பதிவாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைத் துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டே சொன்னார்:

"உங்க ஹெட்போனை ரொம்ப நாளா நான்தான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி வெச்சுக்கிட்டிருக்கேன், அண்ணே. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

"நல்லா இருக்குய்யா. எனக்கு மட்டும்தான் தெரியாதாக்கும்."

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. கனத்த ஒலிகளுக்குப் பழுதில்லை, சிங்கம் கர்ஜித்தால் நன்றாகவே கேட்கும். போய்க்கொண்டிருப்பது மேல்ஸ்தாயி, அதாவது கீச்சென்ற ஒலிகள். வலது காதில் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

"புல்லு அசையற சத்தம்?" என்று கேட்டார் குரல்காரர்.

மருத்துவர் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"அது மேல்ஸ்தாயிலதான் இருக்கும். வலது காதைக் காத்துப் பக்கம் திருப்பிட்டு உக்காந்தா இப்ப கேக்கலாம். கருவி வெச்சா இன்னும் நல்லாக் கேக்கும். ஆனா அது கருவி தயாரிக்கிற சத்தம்."

"டேப்பைக் கசக்கற மாதிரி."

"புரியலையே?"

"ஒண்ணுமில்ல டாக்டர். இந்த மிச்சம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"சொல்ல முடியாது. ஒரு வருஷத்துல இன்னும் இறங்கலாம். அப்படியே நிக்கவும் செய்யலாம். இது வட்டி மாதிரி ஒழுங்கா வர்ற விஷயம் இல்ல."

அன்று சாயங்காலமே அவள் பயணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதுவரை அது அவருடைய பேச்சு. இனி அவளுடைய வேலை. தெருக்கோடியில், மாடியில் இருந்த பயண அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு மகள் வயது இருக்கும். குரல்காரர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே அவள் நிமிர்ந்தாள்.

"சார், நீங்க டிவி சிங்கம்தானே? எங்கப்பா உங்க குரலைக் கேட்டாத்தான் சாப்பிடவே உக்காருவாரு. நீங்க அங்க போனதே இல்லையா?"

"இல்லம்மா."

"சும்மா சொல்றீங்க!"

அவர் வழக்கப்படி நாள்வாரியாகத் தம் திட்டத்தைச் சொன்னார். முதல் நாள் மேடு, இரண்டாம் நாள் ஆற்றங்கரைக்குப் பின்பக்கம், காற்று அங்கிருந்து வீசும். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அங்க யாருக்கும் கால்ஷீட் கிடையாது," என்றாள். "மூணு நாள் உக்காந்தும் ஒண்ணும் வராம திரும்பினவங்க இருக்காங்க. எதையும் எதிர்பார்க்காம போங்க." அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்த வாரங்களில் வீடு புதிதாக இருந்தது. நீலச் சட்டையும் கறுப்புச் சட்டையும் வேண்டாம், கடிக்கிற ஈ ஒன்று அந்த நிறங்களைத் தேடி வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால், மண் நிறத்தில் துணி தேடிக் கடை கடையாக ஏறினார்கள். சலசலக்காத துணி வேண்டும் என்று அவர் ஒவ்வொரு சட்டையையும் காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்தார், வலது காதருகே. மஞ்சள் காய்ச்சலுக்கு இருவரும் ஊசி போட்டுக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தடவிக்கொண்டு பேருந்தில் வந்தார்கள். முன்பு காலையில் மட்டும் பேசியவர் இப்போது துணிக்கடையில் பேசினார், பேருந்தில் பேசினார், சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"தொண்டை வாடகைக்கு விட்டதாச்சே?" என்றாள் அவள்.

"காது கூரை ஒழுகுது. தொண்டையையாவது நாமளே அனுபவிச்சுக்கலாம்."

சிரித்துவிட்டு அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தச் சந்தோஷம் பயணத்தைச் சேர்ந்தது; போய் வந்துவிட்டால் இவர் எதைப் பேசுவார் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள். அவர் காதில் இருப்பது கொஞ்சம் மிச்சம். அது இருக்கும்போதே அவரைக் கொண்டுபோய் அந்த மேட்டில் உட்காரவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. கிடைத்த முதல் தேதிக்கே இடம் பிடித்தாள். மருத்துவரிடம் விடுப்பு சொல்லிவிட்டாள்.

கடைசி விவரங்களை உறுதிசெய்யப் போன நாளில் வெளியே நல்ல வெயில். பயண அலுவலகத்தின் திரையில் அந்தப் பூங்காவின் படம் இருந்தது. தரை தெரியப் படுத்திருந்தன சிங்கங்கள், ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்.

"நீங்க போறது காய்ஞ்ச பருவம் சார்," என்றாள் அந்தப் பெண் உற்சாகமாக. "எதுவுமே ஒளிஞ்சுக்க முடியாது. அதனாலதான் எல்லாரும் இப்ப போறாங்க."

குரல்காரர் திரையை உற்றுப் பார்த்தார்.

"புல்லு எவ்வளவு உயரம் இருக்கும்மா?"

"இப்பவா? கணுக்கால்கூட வராது. மந்தை எல்லாத்தையும் மேஞ்சுட்டுப் போயிருக்கும்."

இத்தனை வருடப் பேச்சில் புல்லைப் பற்றி எல்லாம் பேசியிருந்தார்கள். அது மேயப்பட்டுவிடும் என்பதை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை. படங்களில் புல் எப்போதும் நின்றது.

"எப்ப உசரமா இருக்கும்?"

"மழை முடிஞ்சப்புறம். இடுப்பு வரைக்கும் நிக்கும். ஆனா அப்ப யாரும் போக மாட்டாங்க சார். வண்டி சேத்துல மாட்டிக்கும். சிங்கம் பக்கத்துலயே படுத்திருந்தாலும் தெரியாது. அதுக்கு இன்னும் நிறைய மாசம் இருக்கு, அடுத்த வருஷம் ஆயிடும்."

"பரவாயில்லைங்க," என்று மனைவி குறுக்கிட்டாள். "கணுக்கால் புல்லும் புல்லுதானே? காத்து அடிச்சா ஏதாவது கேக்காமலா போயிடும்? பூச்சி இருக்கும், பறவை இருக்கும். இப்ப போயிடலாம்."

"ம்."

"டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷத்துக்குள்ள இருக்கிறதும் இறங்கிடுச்சுன்னா?"

"ஞாபகம் இருக்கு."

"அப்புறம் இடுப்பு உசரம் நின்னாலும் என்ன, தலை உசரம் நின்னாலும் என்ன?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்ணாடியோ சன்னலோ நடுவில் இல்லை. கோபமா வருத்தமா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. இரண்டும் இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. கேட்கப் போகிறவரின் முகமும் அல்ல, கேட்காமல் விட்டவரின் முகமும் அல்ல. பிறகு அவர் மேசைப் பக்கம் திரும்பி, தெளிவாக, ஆனால் ஒலிப்பதிவு அறையில் பேசும் குரலில் அல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்:

"மாத்திடும்மா. மழைக்கப்புறம் போடு."

"சார், நிஜமாவா? இது எவ்வளவு நல்ல தேதி தெரியுமா? கேன்சல் பண்ணா மறுபடி கிடைக்காது."

"மாத்திடு."

அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் தம்பி பிற்பாடு, அத்தானுக்குப் பயம், போய்க் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தள்ளிப்போடுகிறார் என்றான். புல் நின்றால்தானே சத்தம், அவர் செய்ததுதான் சரி என்றார் ஒலிப்பதிவாளர். இரண்டையும் அவர் கேட்டுக்கொண்டார். எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பேச்சு தீர்ந்துவிடக் கூடாது என்று தனக்காகவும் தள்ளிப்போட்டிருக்கலாமோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திரையில் ஒரு கேள்வி வந்தது. அந்தப் பெண் விரலை விசைப்பலகையின்மேல் நிறுத்தினாள்.

"தேதி மாத்தறதுக்குக் காரணம் கேக்குது சார். என்ன போடட்டும்?"

"காலியா விடும்மா."

"காலியா விட்டா ஏத்துக்காது."

"அப்ப உனக்குத் தோணறதைப் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏதோ தட்டினாள். அவர் படியிறங்கத் தொடங்கியிருந்தார். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, திரையை எட்டிப் பார்க்காமல், அவர் பின்னால் இறங்கினாள்.